வீட்டுச் சர்வரை நெட் கம்பெனி அடைத்துவிட்டதா? மலைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மழைமானி இருக்கிறது. 0.2 மில்லிமீட்டர் மழை சேர்ந்ததும் உள்ளே இருக்கும் சின்னத் தட்டு ஒருமுறை கவிழும். அந்தக் கவிழ்ப்பை எண்ணி, ஒரு ராஸ்பெரி பை கணினி வலைப்பக்கமாகக் காட்டும். பக்கம் ஓடுவது எங்கள் வீட்டு அலமாரியிலிருந்துதான். ஒருநாள் வெளியே இருந்து யாருக்கும் அது திறக்கவில்லை. நெட் கம்பெனியில் கேட்டால் "பாதுகாப்புக் காரணம்" என்றார்கள். அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. அதன் பிறகு குன்னூர், ஊட்டி, கூடலூர் பக்கமிருந்தெல்லாம் இதே கேள்விகளோடு ஆட்கள் வந்ததால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சர்வர் என்றால் பெரிய குளிரூட்டிய அறை வேண்டாமா?

வேண்டாம். யாராவது கேட்டால் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் எந்தக் கணினியும் சர்வர்தான். என்னுடையது உள்ளங்கை அளவு. ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு எடுக்கும் கரண்ட்தான் எடுக்கிறது.

வீட்டில் எதற்கு வைக்க வேண்டும்? ஊட்டி மழைக்கணக்கு டி.வி.யிலேயே வருகிறதே?

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அது தென்மேற்குப் பருவமழை. மேற்குச் சரிவில் அடித்த மழை. கிழக்குச் சரிவில் இருக்கிற கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பயம் வடகிழக்குப் பருவத்தில். 2009 நவம்பர் மண்சரிவுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. ஒரு மலைமுகடு தாண்டினால் மழை மாறிவிடும். எங்கள் சரிவில் என்ன பெய்கிறது என்பது எங்கள் சரிவில் அளந்தால்தான் தெரியும். அளந்ததை எங்களிடமே வைத்திருக்கவும் வேண்டும். யாரோ ஒருவர் சேவையை நிறுத்திவிட்டால் பத்து வருடக் கணக்கு காணாமல் போய்விடக் கூடாது.

உங்கள் காரணம் வேறாக இருக்கலாம். தேயிலை கொழுந்து எடைக் கணக்கு, ஹோம்ஸ்டே அறைப் பதிவு, பேரன் பேத்தி போட்டோக்கள், எதுவானாலும் சரி.

நிறுவனம் "பாதுகாப்புக் காரணம்" என்கிறது. உண்மையா, சாக்கா?

பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் மதித்துவிடுவோம்.

வலைப்பக்கங்கள் வந்துபோகும் வழிக்கு எண் 80. பூட்டுப் போட்ட பாதுகாப்பான பக்கங்களுக்கு 443. இந்த எண்களைத்தான் போர்ட் என்கிறோம். 2001 ஜூலையில் கோட் ரெட் என்ற புழு (கணினிக்குக் கணினி தானாகவே பரவும் கெட்ட நிரல்) 80ஆம் போர்ட் வழியாக, மைக்ரோசாஃப்டின் ஐ.ஐ.எஸ். என்ற வலைச் சர்வர் மென்பொருள் ஓடிய கணினிகளுக்குள் புகுந்தது. ஒரே நாளில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் அதன் பிடிக்குள் போயின. தன் கணினியில் வலைச் சர்வர் ஓடுகிறது என்பதே அதில் பலருக்குத் தெரியாது. செப்டம்பரில் நிம்டா என்ற அடுத்த புழு வந்தது. அமெரிக்காவில் வீட்டு இணைப்பு கொடுத்த நிறுவனங்கள் பல 80ஐ உள்வரும் திசையில் அடைத்தது அந்தக் காலத்தில்தான். 2016இல் மிராய் என்ற கெட்ட நிரல் வந்தது. கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் தயாரித்தவர் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதுதான் அதற்குக் கிடைத்த வழி. அக்டோபர் 21 அன்று அப்படிப் பிடித்த கருவிகளை ஏவி, தளப் பெயரைக் கேட்டால் அதன் முகவரியைச் சொல்லும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறின. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை 445ஆம் போர்ட் வழியாகப் பரவியது.

ஆயிரம் வீட்டுக்கு இணைப்பு கொடுக்கிற நிறுவனத்துக்கு அதில் எத்தனை வீட்டில் பழைய கேமரா இருக்கிறது என்று தெரியாது. ஆகவே யாரும் கேட்காத கதவுகளை முன்கூட்டியே அடைத்து வைப்பது நியாயம். நானாக இருந்தாலும் அடைத்துத்தான் கொடுப்பேன்.

மீதிப் பாதியில்தான் எனக்கு வருத்தம். "எனக்குத் தெரிந்துதான் கேட்கிறேன், 443ஐ மட்டும் திறந்து கொடுங்கள்" என்று ஒருவர் கேட்கும்போதும் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்கிறார்கள். பல சமயம் உண்மையான காரணம் பாதுகாப்பே இல்லை. வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்க அவர்களிடம் இணைய முகவரி இல்லை. அதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

கோத்தகிரியில் ஒரு மூலையில் இருக்கிற என் வீட்டை யார் தேடி வரப்போகிறார்கள்?

நானும் இப்படித்தான் நினைத்தேன். சர்வரை முதன்முதலாக வெளியே திறந்துவிட்டு டீ போட்டுக்கொண்டு வந்து, யார் வந்து எதைக் கேட்டார்கள் என்று சர்வர் குறித்து வைக்கும் லாக் கோப்பைப் பார்த்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. என் பக்கத்தின் முகவரியை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதற்குள் ஏழெட்டு வரிகள் விழுந்திருந்தன. ஒன்று வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளின் நுழைவுப் பக்கத்தைக் கேட்கிறது. அடுத்தது தரவுத்தள நிர்வாகப் பக்கம் இருக்கிறதா என்கிறது. இன்னொன்று ரகசியச் சாவிகளை எழுதி வைக்கும் அமைப்புக் கோப்பைக் கேட்கிறது. இதில் எதுவும் என்னிடம் இல்லை. எல்லாவற்றுக்கும் 404, அதாவது "அப்படி ஒரு பக்கம் இல்லை" என்று பதில் போயிருந்தது.

யாரும் என்னைத் தேடவில்லை. எல்லா வீட்டையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிறார்கள். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, நல்ல வேகமுள்ள ஒரே கணினியிலிருந்து, பழைய முறை (ஐபிவி4) இணைய முகவரிகள் அத்தனையையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். அன்றிரவு சர்வரை அணைத்துவிட்டு, மறுநாள் தேவையில்லாத எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் மறுபடி ஏற்றினேன்.

அடைத்தது நிறுவனமா, என் ரவுட்டரா? எப்படிக் கண்டுபிடிப்பது?

போன் செய்து சண்டை போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். அரைமணி நேர வேலை.

முதலில் வீட்டுக்குள்ளேயே, அதே வைஃபையில், சர்வரின் உள் முகவரியை (வீட்டு வலைக்குள் ரவுட்டர் அதற்குக் கொடுத்த எண்ணை) அடித்துப் பக்கம் திறக்கிறதா பாருங்கள். திறக்காவிட்டால் கோளாறு உங்கள் கணினியில்தான்.

அடுத்து ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், வெளிப்பக்க இணைப்புக்கு என்ன முகவரி வந்திருக்கிறது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு "என் ஐபி என்ன" என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து அங்கே வரும் எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குச் சொந்த வெளி முகவரி இருக்கிறது. வேறாக இருந்து, ரவுட்டரில் உள்ள எண் 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், நிறுவனம் ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கு போட்டிருக்கிறது. 10இல் தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான். 192.168 என்று தொடங்கினால் இன்னொரு சந்தேகம் உண்டு. ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டராக இருந்து, நீங்கள் கடையில் வாங்கிய ரவுட்டர் அதற்குப் பின்னால் நிற்கலாம். அப்போது இரண்டிலும் சர்வருக்கு வழி திறக்க வேண்டும் (அமைப்புப் பக்கத்தில் இதற்குப் பெயர் போர்ட் ஃபார்வர்டிங்).

சொந்த முகவரி இருக்கிறது, ரவுட்டரிலும் வழி திறந்துவிட்டீர்கள், அப்படியும் வரவில்லை என்றால், சர்வரை 80க்குப் பதில் 8080இல் ஓடவிட்டுப் பாருங்கள். 8080 திறந்து 80 திறக்காவிட்டால், அடைத்தது பெரும்பாலும் நிறுவனம்தான். ஃபைபர் பெட்டியே தன் அமைப்புப் பக்கத்துக்கு 80ஐ எடுத்துக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெளியிலிருந்து சோதிப்பதை எப்போதும் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் செய்யுங்கள். உள்ளே இருந்துகொண்டே வெளி முகவரியை அடித்தால் சில ரவுட்டர்கள் திரும்பி வர விடாது. நான் இதில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

ஒரு முகவரியைப் பலருக்குப் பங்கு போடுவது என்றால்?

எஸ்டேட் லயன் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துக் குடும்பம், தபால் முகவரி ஒன்று. நீங்கள் கடிதம் எழுதினால் ஆபீஸ் குமாஸ்தா "இது மூன்றாம் வீட்டிலிருந்து போனது" என்று குறித்துக்கொள்வார். பதில் வந்தால் சரியாக உங்கள் கையில் சேரும். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் லயன் முகவரிக்கு மட்டும் கடிதம் போட்டால், எந்த வீட்டுக்கு என்று குமாஸ்தாவுக்குத் தெரியாது. ஓரமாக வைத்துவிடுவார். வலைச் சர்வருக்கு வருவதெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் போடும் கடிதம்தான்.

இதற்குப் பெயர் சி.ஜி.நாட். பழைய முறையில் மொத்த முகவரிகளே சுமார் 429 கோடிதான். உலக அளவில் பங்கிட்டுக் கொடுக்கும் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஏப்ரலில் நம் ஆசியப் பகுதியின் கையிருப்பும் கடைசித் துண்டுக்கு வந்து, ரேஷன் முறையில் கொடுக்க ஆரம்பித்தார்கள். இப்படிப் பங்கு போடுவதற்கென்றே 2012இல் அந்த 100.64 வரிசையை ஒதுக்கினார்கள்.

ஆக, இங்கே யாரும் உங்கள் வழியை அடைக்கவில்லை. வழியே போடவில்லை. இதையும் "பாதுகாப்பு" என்ற ஒரே சொல்லால் மூடும்போதுதான் வாடிக்கையாளர் தேவையில்லாமல் ரவுட்டரை மாற்றுகிறார், ஆளைக் கூப்பிடுகிறார், காசு செலவழிக்கிறார்.

கஸ்டமர் கேரில் என்ன கேட்க வேண்டும்?

"சர்வர் வேலை செய்யவில்லை" என்று சொன்னால் "ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் மேடம்" என்பார்கள். எனக்கு ஐந்து முறை அப்படித்தான் ஆனது. ஆறாவது முறை வீட்டுக்கே வந்த லைன்மேன் தம்பி, லைட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, எங்ககிட்ட இதத் திறக்கிற ஆப்ஷனே இல்ல. ஸ்டேட்டிக் ஐபி வேணும்னு எழுதிக் குடுங்க, மேல போயிடும்" என்றார். அத்தனை அழைப்பில் கிடைக்காத பதில் அந்த ஒரு வரியில் கிடைத்தது.

அதனால் நேராக மூன்று கேள்வி கேளுங்கள். என் இணைப்பு சி.ஜி.நாட்டில் இருக்கிறதா? நிலையான வெளி முகவரி (ஸ்டேட்டிக் ஐபி) கொடுப்பீர்களா, மாதம் எவ்வளவு? கொடுத்தால் உள்வரும் 80, 443 திறந்திருக்குமா? மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். காசு கட்டி முகவரி வாங்கிய பிறகு போர்ட் அடைத்திருப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. பதிலை மெயிலில் வாங்குங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

இப்படி அடைப்பது சட்டப்படி சரியா? இணையச் சமத்துவம் இருக்கிறதே?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 நவம்பரில் பரிந்துரைத்து, தொலைத்தொடர்புத் துறை 2018 ஜூலையில் ஏற்றுக்கொண்ட இணையச் சமத்துவ விதிகள், ஒரு தளத்தைத் தூக்கிவிட்டு இன்னொன்றை அமுக்குவதைத் தடுக்கின்றன. நியாயமான போக்குவரத்து மேலாண்மைக்கு அவற்றில் இடம் உண்டு. "போர்ட்டை அடைத்தாய், அதனால் சமத்துவ மீறல்" என்று நேராகப் போய் நிற்க முடியாது.

ஆனால் எதை அடைத்திருக்கிறார்கள் என்று சொல்லச் சொல்லிக் கேட்கலாம். அமெரிக்காவில் காம்காஸ்ட் தான் அடைக்கும் போர்ட் பட்டியலைக் காரணத்தோடு வெளியிட்டு வைத்திருக்கிறது. கூகுள் ஃபைபர் முதலில் வீட்டில் சர்வரே கூடாது என்று விதி போட்டிருந்தது. எதிர்ப்பு வந்ததும் 2013இல் வணிகம் அல்லாத சொந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று மாற்றியது. நம் ஊரிலும் கேட்டால்தான் நடக்கும். நிறுவனத்தின் புகார் மையத்தில் தீராவிட்டால், டிராய் 2012இல் வகுத்த முறைப்படி அந்த நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்குத்தான் புகார் எண்.

வெளி முகவரி இல்லாமலே சர்வர் ஓட்ட முடியாதா?

முடியும். லயன் வீட்டுக் கதையில் உள்ளே இருந்து போகிற கடிதத்துக்குத் தடை இல்லை, பார்த்தீர்களா? அதுதான் சூட்சுமம். உங்கள் சர்வரே வெளியே இருக்கும் ஒரு கணினிக்கு முதலில் பேசி, அந்த இணைப்பைப் பிடித்தபடியே இருக்கும். பார்க்க வருபவர்கள் அந்த வெளிக் கணினிக்கு வருவார்கள். அது அந்தக் குழாய் வழியாக உங்கள் வீட்டுக்குத் தள்ளும். இதைத்தான் டனல் என்கிறார்கள்.

சுலபமான வழி கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனம் தரும் டனல். சொந்தமாக ஒரு டொமைன் பெயர் (தளத்தின் பெயர்) வேண்டும், மற்றபடி இலவசம். ஆனால் பூட்டுத் திறப்பது அவர்கள் இடத்தில். உங்கள் பக்கத்தில் போவதும் வருவதும் அவர்கள் கண்ணில் படும். மழைக்கணக்குக்குப் பரவாயில்லை, குடும்பக் கணக்குவழக்குக்கு நான் வைக்க மாட்டேன்.

இன்னொரு வழி, மாத வாடகைக்கு ஒரு சின்ன மெய்நிகர் சர்வர் எடுத்து, வயர்கார்டு என்ற டனல் மென்பொருளைப் போட்டு வீட்டோடு இணைப்பது. வீட்டுப் பக்க அமைப்பில் 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சின்னத் துடிப்பு அனுப்பச் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் குமாஸ்தா குறிப்பை அழித்துவிடுவார், குழாய் அறுந்துவிடும். தளம் உங்களுடையதுதான் என்று காட்டும் சான்றிதழையும் பூட்டையும் வீட்டுச் சர்வரிலேயே வைத்துக்கொண்டால் நடுவில் இருப்பது வெறும் தபால்காரர்தான். நான் இதைத்தான் வைத்திருக்கிறேன்.

வீட்டு ஆட்கள் மட்டும் பார்த்தால் போதும் என்றால், உங்கள் கருவிகளை மட்டும் ஒரு தனி வலையாகக் கோக்கும் டெயில்ஸ்கேல் போதும். உலகத்துக்கு எதையும் திறக்கவே வேண்டாம்.

ஒப்பந்தத்தில் வீட்டு இணைப்பில் சர்வர் கூடாது என்று வெளிப்படையாக எழுதியிருந்தால், டனல் வழியாக ஓடினாலும் அது சர்வர்தான். படித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் எழுதிக் கேளுங்கள்.

80 அடைத்திருந்தால் இலவசச் சான்றிதழ் வாங்க முடியாதாமே?

வாங்கலாம். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டின் வழக்கமான சோதனை 80 வழியாக வரும், அது முடியாது. டொமைன் பதிவில் அவர்கள் தரும் ஒரு வரியைச் சேர்த்து நிரூபிக்கும் வழியும் இருக்கிறது. அதற்கு எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டாம்.

மெயில் சர்வர்?

வீட்டில் வேண்டாம். 25ஆம் போர்ட்டை வெளியே போகும் திசையிலேயே அடைப்பது உலகம் முழுக்க வழக்கம். குப்பை மெயிலைத் தடுக்க அது தேவையும்கூட. திறந்திருந்தாலும் வீட்டு முகவரியிலிருந்து போகும் மெயிலைப் பெரும்பாலான இடங்களில் ஏற்க மாட்டார்கள்.

ஐபிவி6 என்ற புது முகவரி முறை வந்தால் இந்தப் பிரச்சினையே இருக்காது என்கிறார்களே?

முகவரிப் பஞ்சம் இருக்காது. வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் தனி வெளி முகவரி கிடைக்கும். நிறுவனம் கொடுக்கிறதா என்று ரவுட்டரில் பாருங்கள்; பலருக்கு ஏற்கெனவே வந்திருக்கும், தெரியாமல் இருப்பார்கள். ரவுட்டரின் தடுப்புச் சுவர் பெரும்பாலும் உள்வருவதைத் தானாக அடைத்து வைத்திருக்கும். சர்வரின் முகவரிக்கு, 443க்கு மட்டும் ஒரு துளை போடுங்கள். சுவரையே மொத்தமாக இறக்கிவிடாதீர்கள். ஒரு குறை: பழைய முறை இணைப்பு மட்டும் உள்ளவர்களுக்கு உங்கள் பக்கம் திறக்காது.

ஹோம்ஸ்டேயில் கேமரா போட்டவர் போர்ட் திறந்துவிட்டுப் போயிருக்கிறார். பரவாயில்லையா?

இன்றைக்கே மூடுங்கள். குன்னூர்ப் பக்கம் தெரிந்த ஓர் அண்ணன் வீட்டில் பார்த்தேன்: காட்டெருமை வருகிறதா என்று போனில் பார்ப்பதற்காக கேமரா படங்களைப் பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டியை அப்படியே வெளியே திறந்து வைத்திருந்தார்கள். பாஸ்வேர்ட், பெட்டியோடு வந்ததே. விருந்தாளிகள் வந்து தங்கும் வீட்டு வாசலை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற நிலை. மிராய் பிடித்தது இந்த மாதிரிப் பெட்டிகளைத்தான். பாஸ்வேர்டை மாற்றி, கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள விடும் யு.பி.என்.பி.யை ரவுட்டரில் அணைத்து, டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு தனி வழியில் பார்க்கும்படி செய்துகொடுத்தோம். காட்டெருமை இப்போதும் தெரிகிறது.

என் சர்வரை எப்படிப் பத்திரமாக வைப்பது?

வீட்டு லேப்டாப்பும் போனும் இருக்கும் வலையில் அதை வைக்காதீர்கள். ரவுட்டரில் விருந்தினர் வலை இருந்தால் அதில் தள்ளுங்கள். தொலைவிலிருந்து நுழைய பாஸ்வேர்ட் வேண்டாம், சாவிக் கோப்பு மட்டும். புதுப்பிப்புகள் தானாக ஏறட்டும். முக்கியமாக, எழுதிவைத்த வெறும் பக்கத்தை மட்டும் காட்டுங்கள். என் மழைப் பக்கத்தில் யாரும் எதையும் நிரப்பி அனுப்ப முடியாது. நிரப்ப இடமில்லாத பக்கத்தில் நுழைய வழி மிகக் குறைவு.

கரண்ட் போனால்?

ஃபைபர் பெட்டிக்கு ஒரு 12 வோல்ட் சின்ன யூ.பி.எஸ்., ராஸ்பெரி பைக்கு ஒன்று. வழியில் கம்பத்தில் இருக்கும் பிரிப்புப் பெட்டிக்குக் கரண்ட் தேவையில்லை. கேபிள்காரர் அறையில் இருக்கும் கருவிக்குத் தேவை. அவரிடம் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். கற்பூர மரம் விழுந்து கேபிள் அறுந்தால் எந்த யூ.பி.எஸ்.ஸும் உதவாது, பெட்டியில் சிவப்பு லைட் எரியும், காத்திருக்க வேண்டியதுதான். அதற்காக ஒரு பழைய போனில் சிம் போட்டு, பை அதன் வழியாகவும் பேசும்படி வைத்திருக்கிறேன். டனல் உள்ளிருந்து கிளம்புவது என்பதால், எந்த வழியில் போனாலும் பக்கம் அதே முகவரியில் நிற்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு? வெளியே ஒரு இடத்தில் பக்கத்தை ஏற்றிவிட்டால் போதாதா?

பலருக்கு அதுவே போதும். வெட்கப்பட எதுவும் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கை வெளியே அனுப்பினால் எந்தப் போர்ட் சண்டையும் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். தட்டு கவிழும் சத்தம் கேட்டதும் திரையில் எண் 0.2 ஏறுவதைப் பார்த்து, "மிஸ், இது இங்கேயேவா இருக்கு?" என்று அலமாரியைத் திறந்து பச்சை லைட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். எனக்கு அது வேண்டும்.

மழைமானியின் புனலில் ஏதாவது அடைத்திருந்தால் கணக்கு தப்பாகுமே?

ஆகும். போன அக்டோபரில் இரண்டு நாள் நல்ல மழை, பக்கத்தில் பூஜ்யம். போர்ட்டா, டனலா என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் குடை பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். புனல் வாயில் ஒரு கற்பூர மர இலை ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது வாரம் ஒருமுறை துடைக்கிறேன்.